குழந்தைகளின் எலும்பு, மூட்டு நோய்த்தொற்றுகள்

குழந்தைகளின் எலும்பு, மூட்டு நோய்த்தொற்றுகள் என்பன பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் எலும்பினுள்ளோ மூட்டினுள்ளோ புகுந்து பெருகுவதால் குழந்தைகளுக்கு உண்டாகும் நோய்கள் ஆகும். எலும்பையும் அதனுள் இருக்கும் மச்சையையும் தாக்கும் தொற்று எலும்பு மச்சை அழற்சி அல்லது ஆஸ்டியோமைலைட்டிஸ் எனப்படும். மூட்டினுள் சீழ் சேரும் தொற்று சீழ் மூட்டழற்சி எனப்படும். இவ்விரண்டும் தனித்தனியாகவோ ஒரே நேரத்திலோ வரலாம்.

வளர்ந்தோரில் இத்தகைய தொற்று பெரும்பாலும் எலும்பு முறிவுக் காயம், அறுவை சிகிச்சை, நீரிழிவுப் புண் ஆகியவற்றின் வழியே உண்டாகிறது. குழந்தைகளிலோ வெளிக்காயம் ஏதுமின்றிக் குருதியின் வழியே நுண்ணுயிர்கள் எலும்பை அடைவதே பெரும்பான்மை. அதனால் அதுவரை நலமாக ஓடியாடிய குழந்தைக்கும் இந்நோய் திடீரெனத் தோன்றக்கூடும்.

வருவாய் மிகுந்த நாடுகளில் ஆண்டுதோறும் 1,00,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு எலும்பு மச்சை அழற்சி ஏற்படுகிறது. வருவாய் குறைந்த நாடுகளில் இது இன்னும் கூடுதலாகக் காணப்படுகிறது. நோயுறுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகின்றனர். ஆனால் சில நாட்கள் தாமதமானாலும் மூட்டு அழிதல், கால் குட்டையாதல் போன்ற வாழ்நாள் முழுதும் நீடிக்கும் குறைபாடுகள் ஏற்படலாம். ஆகவே காய்ச்சலோடு கையையோ காலையோ அசைக்க மறுக்கும் குழந்தையின் நிலை ஒரு மருத்துவ அவசர நிலையாகக் கருதப்படுகிறது.

எலும்பில் தொற்று உண்டாகும் விதம்

குழந்தைகளின் நீண்ட எலும்புகள் அவற்றின் முனைகளுக்கு அருகிலுள்ள வளர்தட்டுகளால் நீளமாக வளர்கின்றன. வளர்தட்டு என்பது குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்காகும். வளர்தட்டுக்கும் எலும்பின் நடுத்தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி மெட்டாஃபிசிஸ் என்று அழைக்கப்படுகிறது. புதிய எலும்பு உருவாகும் இடம் இதுவே என்பதால் இங்கு குருதி மிகுதியாக வந்து சேர்கிறது.

இங்கு வரும் நுண்ணிய குருதிக் குழாய்கள் வளர்தட்டைக் கடந்து செல்வதில்லை. அவை அதனருகே கொண்டை ஊசி போல் வளைந்து திரும்பி, அகன்ற சிரைக் குழிகளில் சேர்கின்றன. குறுகிய குழாயிலிருந்து அகன்ற குழிக்குள் நுழையும்போது குருதியின் வேகம் வெகுவாகக் குறைகிறது. நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கும் உயிரணுக்களும் இப்பகுதியில் குறைவு. எனவே குருதியில் மிதந்து வரும் பாக்டீரியாக்கள் இங்கு தங்கிப் பெருகுவது எளிதாகிறது.

தோலில் உள்ள சிரங்கு, தொண்டைத் தொற்று, பல் துலக்கும்போது ஈறில் ஏற்படும் சிறு கீறல் ஆகியவற்றின் வழியே எந்தக் குழந்தையின் குருதியிலும் அவ்வப்போது பாக்டீரியாக்கள் கலக்கின்றன. பெரும்பாலும் உடலின் தற்காப்பு அமைப்பு அவற்றை விரைவில் நீக்கிவிடுகிறது. எலும்பின் ஓரிடத்தில் அடிபட்டுக் குருதி கசிந்திருந்தால் அவ்விடத்தில் பாக்டீரியா தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

தொற்று தொடங்கியதும் சீழ் உண்டாகிறது. எலும்பு விரிந்து கொடுக்காத கட்டமைப்பு ஆதலால், உள்ளே சீழ் சேரச் சேர அழுத்தம் உயர்ந்து குருதிக் குழாய்கள் நெரிகின்றன. பின்னர் சீழ் எலும்பின் நுண்துளைகள் வழியே வெளிப்புறத்தை அடைகிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் எலும்புறை குழந்தைகளில் தளர்வாக ஒட்டியிருப்பதால், சீழ் அதனை எளிதில் உரித்து விலக்கிவிடுகிறது. எலும்பின் புறப்பகுதிக்குக் குருதி அளிப்பது இவ்வுறையே. இவ்வாறு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் குருதியை இழந்த எலும்புப் பகுதி இறந்துபோகிறது.

இறந்த எலும்புத் துண்டுக்குக் குருதி செல்லாததால் மருந்தும் சென்று சேர்வதில்லை. அது பாக்டீரியாக்களுக்கு நிலையான புகலிடமாக மாறுகிறது. உரிந்து விலகிய எலும்புறை தன் பங்கிற்கு அத்துண்டைச் சுற்றிப் புதிய எலும்பை உருவாக்குகிறது. இந்தப் புதிய கூட்டின் துளைகள் வழியாகத் தோலுக்கு வெளியே மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், சீழ் வடியலாம். இந்நிலையே நாட்பட்ட எலும்பு மச்சை அழற்சியாகும்.

தொடையெலும்பு, கணைக்கால் உள்ளெலும்பு, மேற்கை எலும்பு ஆகியனவே மிகுதியாகத் தாக்கப்படுபவை. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் எலும்பு ஆகியவற்றிலும் தொற்று உண்டாகலாம்.

மூட்டில் தொற்று உண்டாகும் விதம்

மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு குருதிக் குழாய்கள் நிறைந்தது. குருதியில் வரும் நுண்ணுயிர்கள் இதன் வழியே மூட்டு நீர்மத்தை அடைகின்றன. அங்கு திரளும் வெள்ளையணுக்களும் பாக்டீரியாக்களும் வெளியிடும் நொதிகள் மூட்டின் குருத்தெலும்பை அரிக்கின்றன. இவ்வழிவு தொற்று தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஆரம்பமாகிச் சில நாட்களில் மீளாத நிலையை அடையலாம். அழிந்த மூட்டுக் குருத்தெலும்பு பழையபடி வளர்வதில்லை.

முழங்கால், இடுப்பு, கணுக்கால், முழங்கை, தோள் ஆகிய மூட்டுகளில் இத்தொற்று மிகுதியாகக் காணப்படுகிறது. இவற்றுள் இடுப்பு மூட்டுத் தொற்று மிகவும் இடர் நிறைந்தது. தொடையெலும்பின் தலைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் மூட்டுறைக்குள் அமைந்துள்ளன. மூட்டினுள் சீழின் அழுத்தம் உயரும்போது அக்குழாய்கள் நெரிந்து, தொடையெலும்பின் தலை குருதியின்றி இறந்துபோகலாம்.

சில மூட்டுகளில் மெட்டாஃபிசிஸ் பகுதியின் ஒரு பாகம் மூட்டுறைக்குள்ளேயே அமைந்துள்ளது. இடுப்பு, தோள், முழங்கையில் ஆரை எலும்பின் கழுத்து, கணுக்காலின் வெளிப்புறம் ஆகியவை அத்தகையன. இவ்விடங்களில் எலும்பை உடைத்து வெளிவரும் சீழ் நேரே மூட்டுக்குள் பாய்வதால், எலும்பு மச்சை அழற்சியும் சீழ் மூட்டழற்சியும் ஒருங்கே ஏற்படுகின்றன.

வயதும் குருதிக் குழாய் அமைப்பும்

இந்நோய் வயதுக்கு வயது வேறுபடுவதற்கான காரணத்தை எசுப்பானியாவின் கட்டலோனியாவில் பிறந்து ஆக்சுபோர்டில் பணியாற்றிய அறுவை மருத்துவர் யோசெப் திருவெட்டா 1959 ஆம் ஆண்டில் விளக்கினார். அவருடைய பகுப்பின்படி நோய் மூன்று வகைப்படும்.

* பிறந்தது முதல் ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் வரை: குருதிக் குழாய்கள் வளர்தட்டைக் கடந்து எலும்பின் முனை வரை செல்கின்றன. எனவே தொற்றும் அவ்வழியே சென்று வளர்தட்டையும் மூட்டையும் அழிக்கலாம்.
* அதன்பின் வளர்ச்சி முடியும் வரை: வளர்தட்டு ஒரு தடுப்புச் சுவராக நிற்கிறது. தொற்று பெரும்பாலும் மெட்டாஃபிசிஸ் பகுதியிலேயே தங்கி, எலும்பின் தண்டை நோக்கியும் எலும்புறையை நோக்கியும் பரவுகிறது.
* வளர்ச்சி முடிந்த பின்: வளர்தட்டு மறைந்துவிடுவதால் மீண்டும் எலும்பு முனைக்கும் மூட்டுக்கும் வழி திறக்கிறது. எலும்புறை இறுக ஒட்டியிருப்பதால் அது எளிதில் உரிவதில்லை.

காரணமான நுண்ணுயிர்கள்

எல்லா வயதினரிலும் முதன்மையான காரணி ஸ்டெஃபிலோகோக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா ஆகும். இது பலருடைய மூக்கிலும் தோலிலும் தீங்கின்றி வாழ்வது. எலும்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு.

கிங்கெல்லா கிங்கே என்னும் பாக்டீரியா 6 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளில் முக்கிய காரணியாகும். இது சிறுகுழந்தைகளின் தொண்டையில் வாழ்கிறது. இதன் பெயர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எலிசபெத் கிங் அவர்களின் நினைவாக இடப்பட்டது. வழக்கமான ஆய்வக முறைகளில் இது எளிதில் வளர்வதில்லை. மூட்டு நீர்மத்தைக் குருதி வளர்ப்புப் புட்டிகளில் இட்டால் இதனைக் கண்டறிய முடியும் என்பதை இசுரேலைச் சேர்ந்த யகுப்சுகியும் உடன் ஆய்வாளர்களும் 1992 ஆம் ஆண்டில் காட்டினர். பின்னர் டி. என். ஏ. பெருக்கச் சோதனைகள் வந்தபின், முன்பு காரணி தெரியாதவை எனப்பட்ட பல தொற்றுகளுக்கு இதுவே காரணம் எனத் தெரிந்தது. இதனால் வரும் நோய் பெரும்பாலும் மிதமானது. காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம்.

பிற காரணிகள் வருமாறு:

* பச்சிளங் குழந்தைகளில் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகோக்கஸ், குடல் வாழ் பாக்டீரியாக்கள்.
* ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகோக்கஸ். இது சின்னம்மைக்குப் பின் வரும் தொற்றில் குறிப்பாகக் காணப்படும்.
* நிமோகோக்கஸ்.
* அரிவாளணுச் சோகை உள்ள குழந்தைகளில் சால்மோனெல்லா. இந்தியாவில் இக்குருதிக் குறைபாடு முதன்முதலில் 1952 ஆம் ஆண்டில் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே கண்டறியப்பட்டது.
* காலணியைத் துளைத்து ஆணி குத்திய காயங்களில் சூடோமோனாஸ்.
* காசநோய்க் கிருமி.

முன்னர் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சீழ் மூட்டழற்சிக்கு ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி வகைப் பாக்டீரியா பெருங்காரணமாக இருந்தது. இதற்கான தடுப்பூசி பரவலாக இடப்பட்ட நாடுகளில் இத்தொற்று அரிதாகிவிட்டது.

மருந்தெதிர்ப்புப் பெற்ற வகைகள்

மெத்திசிலின் என்னும் மருந்து 1959 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்ற ஸ்டெஃபிலோகோக்கஸ் ஆரியஸ் 1961 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அறியப்பட்டது. நெடுங்காலம் இது மருத்துவமனைகளுக்குள் மட்டுமே பரவுவதாகக் கருதப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா, வட டகோட்டா மாநிலங்களில் மருத்துவமனைத் தொடர்பு இல்லாத நான்கு குழந்தைகள் இவ்வகைத் தொற்றால் இறந்த செய்தி அறிவிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் இடுப்பு மூட்டுத் தொற்றுடன் வந்த 7 வயதுச் சிறுமி ஆவார். இவ்வகைத் தொற்றில் பல எலும்புகள் ஒரே நேரத்தில் தாக்கப்படுதல், சிரைகளில் குருதி உறைதல், நுரையீரலுக்குத் தொற்று பரவுதல் ஆகியன மிகுதி.

அறிகுறிகள்

காய்ச்சல், வலி, உறுப்பை அசைக்க மறுத்தல் ஆகிய மூன்றும் முதன்மையான அறிகுறிகள். ஆனால் இவை குழந்தையின் வயதுக்கேற்ப வெவ்வேறு விதமாக வெளிப்படும்.

* பச்சிளங் குழந்தைகள்: காய்ச்சல் இல்லாமலே இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் வைத்திருத்தல் ஆகியன காணப்படும். பக்கவாதம் போலத் தோன்றினாலும் உண்மையில் வலியே அசையாமைக்குக் காரணம். இடுப்புத் துணி மாற்றும்போதும் தூக்கும்போதும் குழந்தை வீறிட்டு அழும்.
* நடை பழகும் குழந்தைகள்: நொண்டுதல், நடக்கவோ நிற்கவோ மறுத்தல், மீண்டும் தவழத் தொடங்குதல் ஆகியன காணப்படும். முதுகெலும்புத் தட்டில் தொற்று உள்ள குழந்தை உட்காரவும் குனியவும் மறுக்கும்.
* பெரிய குழந்தைகள்: வலியுள்ள இடத்தைச் சுட்டிக் காட்ட முடியும். எலும்பின் முனையருகே ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது கடும் வலி இருப்பது எலும்புத் தொற்றின் முக்கிய அடையாளம்.

இடுப்பு மூட்டில் சீழ் உள்ள குழந்தை, தொடையைச் சற்று மடக்கி, வெளிப்புறமாக அகற்றித் திருப்பி வைத்திருக்கும். மூட்டினுள் இடம் சற்றுக் கூடுவதால் இந்நிலையில் வலி குறைகிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் வெளியே வீக்கமோ சிவப்போ தெரிவதில்லை. மேலும் இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் உணரப்படுவதும் உண்டு. எனவே முழங்கால் வலி எனச் சொல்லும் குழந்தையின் இடுப்பு மூட்டையும் ஆய்வது இன்றியமையாதது.

நோய் தொடங்கும் முன் குழந்தை விழுந்ததாகப் பெற்றோர் கூறுவது மிகவும் பொதுவானது. சிறு குழந்தைகள் நாள்தோறும் விழுவது இயல்பு. ஆகவே விழுந்ததை மட்டுமே காரணமாகக் கொண்டு சுளுக்கு எனவோ தசைப்பிடிப்பு எனவோ முடிவு செய்வது நோயறிதலைத் தாமதப்படுத்தும். தொற்றுள்ள மூட்டை எண்ணெய் தேய்த்து உருவுவதால் வலி கூடுவதோடு, மருத்துவத்திற்கு உரிய நாட்களும் வீணாகின்றன.

நோயை உறுதி செய்தல்

ஒரு சோதனையைக் கொண்டு மட்டும் இந்நோயை உறுதி செய்யவோ மறுக்கவோ இயலாது. மருத்துவர் குழந்தையை ஆய்ந்தறிவதோடு பல சோதனைகளின் முடிவுகளும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன.

குருதிச் சோதனைகள்: வெள்ளையணு எண்ணிக்கை, குருதிச் சிவப்பணு படிவு வீதம், சி-எதிர்வினைப் புரதம் ஆகியன அளவிடப்படுகின்றன. வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். சி-எதிர்வினைப் புரதம் தொற்று தொடங்கியபின் விரைந்து உயர்ந்து, மருந்து பயனளிக்கத் தொடங்கியதும் விரைந்து குறைகிறது. எனவே அது நோயறிதலுக்கும் முன்னேற்றத்தைக் கண்காணிப்பதற்கும் ஒருங்கே பயன்படுகிறது. படிவு வீதம் மெல்ல உயர்ந்து, மெல்லவே குறையும்.

நுண்ணுயிர் வளர்ப்பு: நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து தொடங்குவதற்கு முன்பே குருதி வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுக்கப்பட வேண்டும். மூட்டு வீங்கியிருந்தால் ஊசியால் மூட்டு நீர்மம் எடுக்கப்படுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் நீர்மத்தில் வெள்ளையணுக்கள் 50,000-க்கு மேல் இருப்பது சீழ் மூட்டழற்சியை வலுவாகச் சுட்டும். எனினும் கிங்கெல்லா தொற்றில் இவ்வெண்ணிக்கை குறைவாகவும் இருக்கலாம்.

எக்ஸ் கதிர்ப் படம்: எலும்பு முறிவு போன்ற பிற காரணங்களை விலக்க உதவுகிறது. தொற்றால் எலும்பில் உண்டாகும் மாற்றங்கள் இப்படத்தில் தெரிய ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். எனவே முதல் வாரத்தில் எடுத்த படம் இயல்பாக இருப்பதால் எலும்பில் தொற்று இல்லை என்று கொள்ள முடியாது.

மீயொலி வரைவு: இடுப்பு மூட்டினுள் நீர்மம் சேர்ந்திருப்பதை வலியின்றி விரைவில் காட்டும். ஆனால் அந்நீர்மம் சீழா அல்லவா என்பதை இதனால் சொல்ல இயலாது.

காந்த ஒத்ததிர்வுப் படிமம்: எம். ஆர். ஐ. எனப்படும் இம்முறையே எலும்புத் தொற்றை முதல் சில நாட்களிலேயே காட்டும் நுட்பமான சோதனை. சீழ் எங்கு எவ்வளவு உள்ளது, வளர்தட்டு பாதிக்கப்பட்டுள்ளதா என்பனவற்றையும் இது காட்டுகிறது. சிறு குழந்தைகள் அசையாமல் படுத்திருக்க மயக்க மருந்து தேவைப்படலாம்.

கோச்சர் அளவுகோல்கள்

இடுப்பு வலியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானே குணமாகும் தற்காலிக மூட்டுறை அழற்சியே இருக்கும். அதனைச் சீழ் மூட்டழற்சியிலிருந்து பிரித்தறிவதற்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் மினிந்தர் கோச்சரும் உடன் ஆய்வாளர்களும் 1999 ஆம் ஆண்டில் நான்கு அளவுகோல்களை வெளியிட்டனர்.

* 38.5 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல்
* பாதிக்கப்பட்ட காலை ஊன்ற இயலாமை
* படிவு வீதம் மணிக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல்
* ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் வெள்ளையணுக்கள் 12,000-க்கு மேல் இருத்தல்

முதல் ஆய்வில் நான்கும் இருந்தபோது சீழ் மூட்டழற்சிக்கான வாய்ப்பு 99.6 விழுக்காடாகவும், எதுவும் இல்லாதபோது 0.2 விழுக்காட்டிற்குக் குறைவாகவும் கணிக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் அதே குழுவினர் புதிய நோயாளிகளிடம் சோதித்தபோது நான்கும் இருந்தவர்களில் இவ்வாய்ப்பு 93 விழுக்காடாகக் குறைந்தது. கிங்கெல்லா தொற்றை இவ்வளவுகோல்கள் தவறவிடக்கூடும். எனவே இவை மருத்துவரின் முடிவுக்குத் துணை செய்வனவே அன்றி அதற்கு மாற்று அல்ல.

ஒத்த பிற நோய்கள்

பின்வரும் நோய்களும் இதுபோன்ற அறிகுறிகளைத் தரலாம்.

* தற்காலிக மூட்டுறை அழற்சி
* வெளியில் தெரியாத எலும்பு முறிவு
* வாதக் காய்ச்சல், இளம்பருவ மூட்டழற்சி
* தொடையெலும்பின் தலைக்குக் குருதி குறைவதால் வரும் பெர்தெஸ் நோய்
* இரத்தப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய்
* அரிவாளணுச் சோகையில் ஏற்படும் எலும்பு வலி
* நுண்ணுயிர் இன்றியே பல எலும்புகளில் மீண்டும் மீண்டும் வரும் நாட்பட்ட எலும்பு அழற்சி

மருத்துவம்

சீழை வெளியேற்றுதல், தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தருதல் ஆகிய இரண்டும் மருத்துவத்தின் அடிப்படைகள்.

சீழ் வெளியேற்றம்

சீழ் மூட்டழற்சியில் மூட்டினுள் உள்ள சீழை விரைந்து அகற்ற வேண்டும். ஊசியால் உறிஞ்சுதல், மூட்டு உள்நோக்கிக் கருவியால் கழுவுதல், அறுவையால் மூட்டைத் திறந்து கழுவுதல் ஆகியன இதற்கான முறைகள். தொடையெலும்பின் தலையைக் காக்க வேண்டியிருப்பதால் இடுப்பு மூட்டில் இது காலம் தாழ்த்தாமல் செய்யப்படுகிறது.

எலும்பு மச்சை அழற்சியில் எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. சீழ் கட்டியாகத் திரளும் முன் தொடங்கிய மருந்து மட்டுமே பலருக்குப் போதுமானது. எலும்புறைக்கு அடியில் சீழ் திரண்டிருந்தாலோ, மருந்து தொடங்கிச் சில நாட்களாகியும் காய்ச்சல் தணியாவிட்டாலோ அறுவை செய்யப்படுகிறது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகள்

சோதனைக்கான மாதிரிகள் எடுக்கப்பட்டவுடன், முடிவுகளுக்குக் காத்திராமல், மருந்து தொடங்கப்படுகிறது. குழந்தையின் நிலை மிக மோசமாக இருந்தால் மாதிரிக்காகக் கூட மருந்தைத் தாமதிப்பதில்லை. குழந்தையின் வயது, அவ்வூரில் காணப்படும் நுண்ணுயிர்களின் மருந்தெதிர்ப்பு ஆகியவற்றைப் பொறுத்து மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. குளோக்சசிலின் வகை மருந்துகளும் செஃபசோலினும் பரவலாகப் பயன்படுகின்றன. மெத்திசிலின் எதிர்ப்பு வகை ஐயுறப்படும் இடங்களில் கிளிண்டாமைசின் அல்லது வான்கோமைசின் தரப்படுகிறது. இவ்விரண்டும் கிங்கெல்லாவிற்கு எதிராகப் பயன்படா. ஆகவே சிறு குழந்தைகளில் மருந்துத் தேர்வில் தனிக் கவனம் தேவை.

முற்காலத்தில் 4 முதல் 6 வாரங்கள் வரை சிரை வழியே மருந்து செலுத்துவது வழக்கமாக இருந்தது. பின்லாந்தில் பெல்டோலாவும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வுகள் இதனை மாற்றின. சிரை வழியே 2 முதல் 4 நாட்கள் மருந்து கொடுத்து, பின் வாய்வழி மருந்துக்கு மாறினாலே சிக்கலற்ற தொற்றுகளுக்குப் போதும் என அவை காட்டின. 2009 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் சீழ் மூட்டழற்சிக்கு 10 நாட்களும் 30 நாட்களும் ஒப்பிடப்பட்டன. 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் எலும்பு மச்சை அழற்சிக்கு 20 நாட்களும் 30 நாட்களும் ஒப்பிடப்பட்டன. இரண்டிலும் குறுகிய கால மருத்துவம் நீண்ட கால மருத்துவத்திற்கு ஈடாக அமைந்தது. நோய் மிதமாக உள்ள குழந்தைகளுக்குத் தொடக்கத்திலிருந்தே வாய்வழி மருந்து தருவதும் சிரை வழி மருத்துவத்தைவிடக் குறைந்ததன்று என்பது டென்மார்க்கில் நடைபெற்று 2024 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் காணப்பட்டது.

நடைமுறையில் சீழ் மூட்டழற்சிக்கு 2 முதல் 3 வாரங்களும், எலும்பு மச்சை அழற்சிக்கு 3 முதல் 4 வாரங்களும் மொத்தமாக மருந்து தரப்படுகிறது. பச்சிளங் குழந்தைகளுக்கும், மருந்தெதிர்ப்பு வகைத் தொற்றுக்கும், தாமதமாகக் கண்டறியப்பட்ட நோய்க்கும் கூடுதல் காலம் தேவைப்படும். வலி நின்றவுடன் மருந்தை நிறுத்துவது நோய் மீண்டும் தலைதூக்கக் காரணமாகலாம்.

பின்விளைவுகள்

* வளர்தட்டு அழிந்தால் அவ்வெலும்பின் வளர்ச்சி நின்று கை அல்லது கால் குட்டையாகும். தட்டின் ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் எலும்பு கோணலாக வளரும்.
* தொடையெலும்பின் தலை இறத்தல், இடுப்பு மூட்டு நழுவுதல்.
* மூட்டு இறுகி அசைவிழத்தல், இளவயதிலேயே மூட்டுத் தேய்வு.
* வலுவிழந்த எலும்பு சிறு அடியிலேயே முறிதல்.
* நாட்பட்ட எலும்பு மச்சை அழற்சி. இதில் இறந்த எலும்புத் துண்டை அறுவையால் அகற்ற வேண்டிவரும்.

வளர்தட்டின் பாதிப்பு உடனே வெளிப்படாது. குழந்தை வளர வளரவே கால்களின் நீள வேறுபாடு தெரியவரும். ஆதலால் குணமடைந்த குழந்தைகளையும், குறிப்பாகப் பச்சிளம் பருவத்தில் நோயுற்றவர்களை, பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டியுள்ளது.

எலும்புக் காசநோய்

காசநோய்க் கிருமியால் வரும் எலும்பு, மூட்டுத் தொற்று மேற்கூறியவற்றிலிருந்து வேறுபட்டது. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வளரும். கடும் காய்ச்சல் இராது. எடை குறைதல், மாலை நேரக் காய்ச்சல், தொடர்ந்த முதுகு வலி அல்லது மூட்டு வீக்கம் ஆகியன காணப்படும். முதுகெலும்பே மிகுதியாகத் தாக்கப்படுகிறது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779 ஆம் ஆண்டில் இதனை விளக்கியதால் இது பாட் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. முள்ளெலும்புகள் நொறுங்குவதால் கூன் விழலாம். தண்டுவடம் நெரிந்து கால்கள் செயலிழக்கலாம்.

முதுகெலும்புக் காசநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சையும் நீண்ட படுக்கை ஓய்வும் கட்டாயம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. நோயாளி நடமாடியபடியே குறுகிய காலக் கூட்டு மருந்துகளை உட்கொண்டு குணமடைய முடியும் என்பதை நிறுவிய ஆய்வுகளில் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வும் ஒன்று. அதன் பத்தாண்டு கால முடிவுகள் 1999 ஆம் ஆண்டில் வெளியாயின. நரம்புப் பாதிப்பு, பெருங்கூன் ஆகியன உள்ளவர்களுக்கு அறுவை இன்றும் தேவைப்படுகிறது.

தடுப்பு

ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி, நிமோகோக்கஸ் ஆகியவற்றுக்கு எதிரான தடுப்பூசிகள் அவற்றால் வரும் எலும்பு, மூட்டுத் தொற்றுகளையும் குறைக்கின்றன. இந்தியாவில் முதல் வகைத் தடுப்பு மருந்தை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 ஆம் ஆண்டு டிசம்பரில் அரசுத் திட்டத்தின் கீழ் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. ஸ்டெஃபிலோகோக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி இல்லை. சிரங்கு, கொப்புளம் போன்ற தோல் தொற்றுகளைத் தூய்மையாகப் பேணி மருந்திடுவதும், ஆணி குத்திய காயங்களை மருத்துவரிடம் காட்டுவதும் நல்ல பழக்கங்கள்.

வரலாறு

* 1832: ஆங்கிலேய மருத்துவர் பெஞ்சமின் பிராடி கணைக்கால் உள்ளெலும்பில் உண்டாகும் நாட்பட்ட சீழ்க்கட்டியை விவரித்தார். இது இன்றும் பிராடி சீழ்க்கட்டி எனப்படுகிறது.
* 1874: இலண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித் கைக்குழந்தைகளின் சீழ் மூட்டழற்சியைத் தனி நோயாக விவரித்தார்.
* 1880: லூயி பாஸ்டர் எலும்பு மச்சை அழற்சியின் சீழிலும் தோல் கொப்புளச் சீழிலும் ஒரே வகை நுண்ணுயிரைக் கண்டார். இவ்வெலும்பு நோயை எலும்பு மச்சையில் வந்த கொப்புளமாகவே அவர் கருதினார்.
* 1882: இசுக்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்சுடன் இந்நுண்ணுயிருக்குத் திராட்சைக் குலை என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்டெஃபிலோகோக்கஸ் எனப் பெயரிட்டார்.
* 1884: செருமானிய மருத்துவர் ரோசன்பாக் பொன்னிறமாக வளரும் வகையை ஆரியஸ் எனப் பிரித்துப் பெயரிட்டார்.

1940-களில் பென்சிலின் பயன்பாட்டுக்கு வரும்வரை, கடும் எலும்பு மச்சை அழற்சி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர். பிழைத்தவர்களுள் பலர் சீழ் வடியும் புண்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். நுண்ணுயிர் எதிர்ப்பிகள் வந்தபின் இந்நோயால் இறப்பது அரிதாகியது. எனினும் மருந்து தொடங்கும் முன் அழிந்துவிட்ட வளர்தட்டையும் குருத்தெலும்பையும் எந்த மருந்தாலும் மீட்க இயலாது என்பதால், நோயை முதல் சில நாட்களுக்குள் கண்டறிவதே இன்றளவும் விளைவை முடிவு செய்கிறது.

இவற்றையும் பார்க்க

* அரிவாளணுச் சோகை
* எலும்பு
* காசநோய்
* நுண்ணுயிர் எதிர்ப்பி
* மூட்டழற்சி